ரெண்டு மணி ரகசியம்

ஊரில் நடப்பதை நாளும் நேரமும் போட்டு எழுதிவைக்கும் என் கோப்பில் ஒரு தபால் அட்டை இருக்கிறது. அஞ்சல் முத்திரையில் நாளும் மாதமும் தெளிவாகத் தெரிகின்றன. ஆண்டின் மேல் மட்டும் மை பரவிவிட்டது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி என்பதற்கு மேல் சத்தியம் செய்ய நான் தயாரில்லை. அட்டையில் எழுதியிருப்பது இது:

"மக்கா, தங்கச்சிக்குக் கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை என்று அறிந்தேன். அன்று கூட்டமாக இருக்கும். ஆகையால் வியாழன் பகல் மூன்று மணிக்கு வந்து ஆசீர்வாதம் செய்து போகிறேன். அன்று சமையல் ஆகியிருக்காது என்று தெரியும். பாயசத்துக்கு வாங்கி வைத்த வெல்லத்தில் ஒரு துண்டு போதும். ஞாயிறன்று எனக்காகக் காத்திருக்க வேண்டாம்."

இதை எழுதியவரின் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு வாழைத்தோட்டம் மட்டுமே இருந்தது. உரக்கக் கூப்பிட்டால் கேட்கும். அட்டையோ எங்கள் ஊரான காரோட்டிலிருந்து பாறசாலைக்குப் போய், அங்கே இரண்டு நாள் இளைப்பாறிவிட்டுத் திரும்பி வந்தது. நேரில் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "கல்யாண வீடுல்லா மக்கா. ஆளுவ ஏறி எறங்குத நேரம். நானும் வந்து லோடு கூட்டண்டாம்னு நெனச்சேன்" என்றார். சொன்னபடி வியாழன் மூன்று மணிக்கு வந்தார். தலையில் எண்ணெய் வழிய நின்ற மணப்பெண்ணை ஆசீர்வதித்தார். வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டு மூன்று இருபதுக்குப் போய்விட்டார். ஞாயிறு காலை, ஊரே எங்கள் வீட்டுப் பந்தலில் இருந்தபோது, அவர் ஆளில்லாத முடிதிருத்தும் கடையில் உட்கார்ந்து நிம்மதியாக முடி வெட்டிக்கொண்டார்.

ஊர் முழுக்க அண்ணன் என்று கூப்பிடும் அந்த மனிதர் எல்லாவற்றையும் கூட்டமில்லாத நேரத்தில் செய்வார். அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது ஏறக்குறைய இவ்வளவுதான்.

மத்தியானச் சோற்றைப் பத்தரைக்குச் சாப்பிடுவார். நெய்யாற்றின்கரைக்குப் போக வேண்டுமென்றால், பள்ளிக்கூடக்காரர்களும் ஆபீஸ்காரர்களும் போய் முடிந்தபின் வரும் காலி பஸ்தான். கோயிலுக்குத் தீபாராதனை வேளையில் போகமாட்டார். பூசாரி நடை சாத்தச் சாவியை எடுக்கும்போது போய் நிற்பார். ஏன் இப்படி என்று பூசாரி ஒருநாள் கேட்டுவிட்டார். "சாயங்காலம் அவருக்கும் லோடு கூடுதலாக்கும். நம்ம காரியம் பைய கேட்டா போதும்" என்று உள்ளே இருப்பவரைக் கைகாட்டிச் சொன்னாராம். உள்ளே இருப்பவர் இதை எப்படி எடுத்துக்கொண்டார் என்பதற்கு என்னிடம் பதிவு இல்லை.

டீக்கடைக்குப் பதினொன்றரைக்கு வருவார். காலைப் பால் தீர்ந்து, மதியப் பால் வராத நேரம் அது. டீக்கடை தங்கப்பனுக்கு நாக்கில் எலும்பு கிடையாது. தூரத்தில் அவரைக் கண்டதும், "எலே, அடுப்பைக் கூட்டு. கடையில ஆளு இல்லேன்னு அண்ணனுக்குத் தெரிஞ்சு போச்சு" என்பான். அவர் கோபப்பட மாட்டார். பாலில்லாத கட்டன்சாயா வாங்கி, யாருமில்லாத பெஞ்சில் கால் நீட்டி உட்கார்ந்து, ராஜா மாதிரி குடிப்பார். ஏன் கல்யாணம் கட்டவில்லை என்று யாராவது கேட்டால் அதற்கும் தங்கப்பனே பதில் சொல்லிவிடுவான்: "முகூர்த்தத்துக்கு ஆளு கூடும்லா. அதாக்கும்."

என் அப்பா இறந்தபோதும் அவர் வரவில்லை. பதினாறாம் நாளுக்கும் வரவில்லை. எங்கள் வீட்டில் இதைப் பற்றிப் பேசினார்கள், நன்றாகவே பேசினார்கள். இருபத்து மூன்றாம் நாள், பகல் மூன்று மணிக்கு வந்தார். அதற்குள் துக்கம் கேட்கும் ஆட்கள் எல்லாரும் வந்து போய்விட்டார்கள். அம்மாவிடம் யாரும் எதுவும் கேட்காத நாட்கள் தொடங்கியிருந்தன. இரண்டு மணிநேரம் உட்கார்ந்திருந்தார். அம்மா பேசிக்கொண்டே இருந்தாள். அவர் "பின்ன?" என்ற ஒரு சொல்லை மட்டும் அவ்வப்போது சொன்னார். அன்றைய என் குறிப்பில் "மிகத் தாமதம், கண்டிக்கத்தக்கது" என்று எழுதியிருக்கிறேன். அதை இதுவரை அடிக்கவில்லை. அதன் கீழே வேறு எதுவும் எழுதவும் இல்லை.

இந்தப் பழக்கம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதை ஒரு பதினொன்றரை மணிக் கட்டன்சாயாவின்போது அவரே சொன்னார். அதற்கு முன் சில வருடம் ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஒரு காற்றாலைக் கம்பெனியில் வேலை பார்த்தவர் அவர். கட்டுப்பாட்டு அறையில் மீட்டர் பார்க்கும் வேலை.

"ஆடி மாசம் மக்கா. காத்துன்னா காத்து. நின்ன ஆளைத் தள்ளும். செறகு எல்லாம் பறக்குது. அப்பம் போன் வருது, நிறுத்துன்னு. ஏன்னு கேட்டேன். லைன் எடுக்காதாம், கரண்டு மிஞ்சிப் போச்சாம். பொத்தானை அமுக்கினேன். அம்புட்டு காத்திலயும் செறகு எல்லாம் நிண்ணு போச்சு. சாயங்காலம் காத்து விழுந்துது. ராத்திரிக்கு இஞ்ச வந்து பாத்தா, சரோஜத்துக்க வீட்டில டியூப் பத்த வோல்டேஜ் இல்ல. ரெண்டும் ஒரே நாளாக்கும்."

சரோஜம் அவருடைய தங்கை. கணவன் இறந்தபின் தனியாக இருந்தாள்; வேலையை விட்டு வந்தபின் இவரும் அந்த வீட்டில்தான் இருந்தார். வரும்போது கம்பெனி கழித்துப்போட்ட, லாரிக்குப் போடும் பாட்டரி இரண்டைக் கொண்டுவந்தார். மற்றவர்கள் வேலையை விட்டு வரும்போது ஒரு சுவர்க்கடிகாரமாவது கொண்டுவருவார்கள்.

"கோடையில கெழங்கு மிஞ்சுனா நாம என்ன செய்யோம்? அவிச்சு வெயில்ல உணக்கி வைக்கோம். மழையில எடுத்து திங்கோம். மரச்சீனிக் கெழங்குக்கு இருக்குத புத்தி கரண்டுக்கு ஏன் இல்லாம போச்சு?" என்று கேட்டார். இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் டீக்கடையில் யாரும் இருக்கவில்லை. அவர் வரும் நேரம் அப்படி.

அந்தக் காலத்து எங்கள் மாலைகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், பின்னால் வருகிறவர்கள் நம்பமாட்டார்கள். ஆறு மணிக்கு மேல் மின்சாரம் வரும், ஆனால் வந்த மாதிரி இருக்காது. குண்டு பல்பு பழுத்த பாக்கு நிறத்தில் தொங்கும். மின்விசிறியின் இலைகளை எண்ணலாம். டியூப் லைட் இரண்டு முனையிலும் சிவந்து துடிக்கும், பற்றாது. ஆனால் முன்பே பற்றிவிட்ட டியூப், வோல்டேஜ் தாழ்ந்தாலும் அணையாமல் தாக்குப்பிடிக்கும். இந்த உண்மையை யாரோ ஒரு புத்திசாலி கண்டுபிடித்தார். ஐந்தரைக்கே டியூபைப் போட்டார். பக்கத்து வீட்டுக்காரரும் புத்திசாலிதான்; ஐந்து மணிக்குப் போட்டார். எங்கள் வார்டில் புத்திசாலிகளுக்குக் குறைவே கிடையாது. என் குறிப்புப்படி கும்ப மாதத்தில், அதாவது மாசியில், ஐந்தரையாக இருந்தது மீனத்தில், பங்குனியில், நாலே காலாகிவிட்டது. மீன மாத வெயில் முற்றத்தில் கொதிக்க, வீட்டுக்குள் டியூப் லைட் எரிய, நாங்கள் இருட்டுக்காகக் காத்திருந்தோம். எல்லாரும் நாலே காலுக்குப் போட்டதால் வோல்டேஜ் நாலரைக்கே தாழ்ந்தது. "இப்படியே போனா சித்திரை ஒண்ணு விடியக்காலம் விஷுக்கணி பாக்கப் போட்ட டியூபை அணைக்கவே வேண்டாம்" என்றார் அவர்.

இந்த வோல்டேஜில்தான் சரோஜத்துக்குக் கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டி வந்து சேர்ந்தது. பெண்களுக்குத் தொழில் கொடுக்கும் ஒரு திட்டம். மரப்பெட்டி, உள்ளே தட்டு தட்டாக ஐந்நூறு முட்டை, சூட்டுக்கு நாலு பல்பு, காற்றைச் சுற்றிவிட ஒரு சிறு விசிறி. இருபத்தோரு நாள் சூடு கூடாமலும் குறையாமலும் இருந்தால் இருபத்தோராம் நாள் குஞ்சு வரும். கோழிக்கு இது யாரும் சொல்லிக்கொடுக்காமல் தெரியும். மின்வாரியத்துக்குச் சொல்லியும் தெரியாது. முதல் முறை மாலை நேரத்துச் சூடு போதாமல் ஐந்நூறும் கெட்டது. இரண்டாம் முறை மாலையில் மண்ணெண்ணெய் விளக்கை உள்ளே வைத்துப் பார்த்தார்கள். மேல்தட்டு வெந்தது, கீழ்தட்டு விறைத்தது. திட்டத்து ஆபீசர் வந்து, பெட்டியைத் திறந்து மூக்கைப் பொத்திக்கொண்டு, மலையாளத்தில் சொன்னார்: "அடுத்தது மூந்நாமத்தேயாணு. அதும் போயால் பெட்டி திரிச்செடுக்கும், கேட்டோ."

மூன்றாம் முறையும் கெட்டால் பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்பதைச் சரோஜம் கேட்டாள். அவளுக்கு அந்தப் பெட்டியைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. எங்களுக்கும் அது தெரியும்.

அண்ணன் வேலையைத் தொடங்கினார். ஏதோ ஒரு பொருட்காட்சியில் மானியத்தில் கொடுத்த சோலார் தகடு ஒன்றை வாங்கி மாட்டுத்தொழுவத்தின் கூரையில் கட்டினார். பகல் வெயில் அந்த இரண்டு லாரி பாட்டரிகளுக்குள் போனது. போதாததற்கு, லைனில் வோல்டேஜ் நன்றாக இருக்கும் நேரத்தில் சார்ஜர் போட்டார். எந்த நேரம் நல்ல நேரம் என்று கண்டுபிடிக்க பத்து நாள் மீட்டரோடு உட்கார்ந்தார். ஊர் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருக்கும் பகல் இரண்டு மணி. அப்போது லைனில் யாருமே இருக்கமாட்டார்கள். மாலையில் வோல்டேஜ் தாழத் தொடங்கியதும் பெட்டியை லைனிலிருந்து பிரித்துப் பாட்டரிக்கு மாற்றுவார். பத்துக்கு மேல் ஊர் தூங்கியபின் திரும்ப லைனுக்கு. மூன்றாம் முறை வைத்த முட்டைகள் ஒரு வாரம், பிறகு இரண்டு வாரம், சூடு மாறாமல் இருந்தன. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது உள்ளே சிவப்பு நரம்பு தெரிந்தது. சரோஜம் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். "எழுதி வைங்க சாரே, நாளும் நேரமும் போட்டு" என்றாள். எழுதினேன்.

இங்கேதான் அவர் அந்தக் காரியத்தைச் செய்தார். ஊர் வந்து கேட்டது. அந்த வருடம் மாலையில் அரைமணி நேரம் மின்வெட்டு வேறு இருந்ததால் ஒன்பது வீடுகளில் இன்வெர்ட்டரும் பாட்டரியும் வந்திருந்தன. மற்றவர்களுக்குக் கிணற்று மோட்டார், இஸ்திரிப்பெட்டி. எப்போது போட்டால் வோல்டேஜ் கிட்டும் என்று அவரவர் தனித்தனியே வந்து, ஆளில்லாத நேரம் பார்த்துக் கேட்டார்கள். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, காதில் சொன்னார்: "ரெண்டு மணி. யாருகிட்டயும் சொல்லிப் போடாத."

எனக்கும் சொன்னார். என்னை மட்டும் நம்பிச் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது. அதை நான் மறைக்கப் போவதில்லை. பின்னால் வீடு வீடாகக் கேட்டுச் சரிபார்த்ததில், தன்னிடம் மட்டும் சொன்னதாக நம்பியவர்கள் என்னையும் சேர்த்து நாற்பத்தொரு வீட்டுக்காரர்கள். மாவு அரைக்கும் அரைமில்காரர் தனி.

அந்தச் சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்கு நாற்பத்தொரு மோட்டார்களும் சார்ஜர்களும் இஸ்திரிப்பெட்டிகளும், இவற்றுக்கு மேல் அரைமில்லும், ரகசியமாக ஓடத் தொடங்கின. இரண்டு வாரமாகவே தினம் ஒன்றிரண்டு கூடிக் கூடி வந்ததை டிரான்ஸ்பார்மர் பொறுத்துக்கொண்டிருந்தது. அன்று இரண்டு பதினெட்டுக்கு அது ஒரு பெரிய ஏப்பம் விட்டது. எண்ணெய் வழிந்தது, புகை எழுந்தது, வார்டு முழுக்க மின்விசிறி நின்றது. தூக்கம் கலைந்து வெளியே வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லார் முகத்திலும், திருட்டுத்தனமாக ஏதோ செய்தவனின் அதே அப்பாவித்தனம்.

மின்வாரிய ஆள் வந்து தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். மாற்று டிரான்ஸ்பார்மர் செவ்வாய்க்கிழமை வரும் என்றார். அந்தச் சனிக்கிழமை முட்டைக்குப் பத்தொன்பதாம் நாள். திங்கட்கிழமை குஞ்சு வர வேண்டும்.

இரண்டு லாரி பாட்டரிகளும் சனிக்கிழமை முழுக்கத் தாங்கின. ஞாயிறு பகல் சோலார் தகடு தன்னால் ஆனதைக் கொடுத்தது. ஆனால் மாலை மழைமேகம் மூன்று மணிக்கே வந்து தொழுவத்தின் மேல் நின்றுவிட்டது. பெட்டிக்குள் சூடு இன்னும் இரண்டு மணிநேரம்தான் என்று அவர் மீட்டரைப் பார்த்துச் சொன்னார். அருகிலேயே ஒன்பது வீட்டுப் பாட்டரிகள் சார்ஜோடு கிடந்தன. வெடிப்பதற்கு முன்பான பதினெட்டு நிமிடமும் அதற்கு முந்தைய நாட்களும் அவற்றை நன்றாகவே நிறைத்திருந்தன; சனி இரவு எரித்தது போகவும் மிச்சம் இருந்தது. கேட்டு வாங்க வேண்டும். ஒவ்வொரு வீடாகப் போய் ஆளில்லாத நேரம் பார்த்துக் கேட்கலாம் என்றால், அன்று எடுத்துக் கொடுக்க ஒரு வீட்டிலும் ஆளில்லை. எல்லாரும் வளைகுடாவிலிருந்து வந்த சுகுமாரன் வீட்டு முற்றத்தில் இருந்தார்கள். ஞாயிறு நாலு மணிக்கு டி.வி.யில் சினிமா. கரண்டு இல்லாத வார்டில் சுகுமாரன் இன்வெர்ட்டரில் டி.வி. ஓட்டினான். நூறு பேருக்குக் குறையாது.

நானும் அங்கே மூன்றாம் வரிசையில் இருந்தேன். நேரம் நாலு ஐம்பது. திரையில் கதாநாயகி தூணைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கியிருந்தாள். அப்போது படலைத் திறந்துகொண்டு அவர் வந்தார். நடுவில் வழியில்லை. உட்கார்ந்திருந்தவர்களின் தோளைத் தொட்டுத் தொட்டு, "மாறு மக்கா, மாறு பிள்ளே" என்று, தண்ணீருக்குள் நடப்பவர் போல வந்து டி.வி.க்கு முன்னால் நின்றார். அவரை நான் கூட்டத்துக்கு நடுவே பார்த்தது அதுதான் முதல் முறை. முகம் வேர்த்திருந்தது.

தங்கப்பன்தான் முதலில் வாயைத் திறந்தான். "எலே, ரெண்டுமணிக்காரரு நாலு அம்பதுக்கு வாறாரு! வாச்சு நிண்ணு போச்சோ?"

சிரிப்பு அடங்கும்வரை நின்றார். "சுகுமாரா, பாட்டரி வேணும். சரோஜத்துக்க பெட்டிக்கு."

"சினிமா முடியட்டு அண்ணே. ஆறரைக்கு எடுத்துட்டுப் போங்க."

"ஆறரைக்கு அதில என்ன இருக்கும்? எனக்க பாட்டரி அஞ்சுக்கு ஒடுங்கும். இப்பம் வேணும்."

"நீங்கதானே எல்லாத்துக்கும் வேற நேரம் உண்டுன்னு சொல்லுவீங்க?" என்றான் தங்கப்பன். "முட்டைக்கிட்ட சொல்லுங்க, செவ்வாக்கெழமை பொரிக்கச் சொல்லி."

"சொல்லிப் பாத்தேன் தங்கப்பா. கேக்க மாட்டேங்குது" என்றார் அவர். சிரிக்காமல்தான் சொன்னார். "உள்ள இருந்து கொத்தத் தொடங்கியாச்சு. காதை வச்சா கேக்கும்."

பின்வரிசையிலிருந்து அரைமில்காரரின் குரல் வந்தது. "டிரான்ஸ்பார்மர் போனதே உம்ம ரகசியத்தாலதானே? ரெண்டு மணின்னு எங்கிட்ட மட்டும்னு சொன்னீரு."

"எங்கிட்டயும் அப்படித்தான் சொன்னாரு!" என்று ஒரு குரல். "ஓய், எங்கிட்ட ஒளிச்சு வைக்கச் சொன்னாரே!" என்று இன்னொன்று. கதாநாயகியை யாரும் பார்க்கவில்லை. முற்றம் முழுக்க ஆளாளுக்குத் தன் ரகசியத்தை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள்; எல்லாம் ஒன்றே போலிருந்தன. எனக்கு நாற்பத்திரண்டாவதாக எழுந்து நிற்க வெட்கமாக இருந்தது.

"ஒருத்தனுக்கு ரெண்டு, ஒருத்தனுக்கு மூணேகால்னு பிரிச்சுச் சொல்லியிருக்கலாம்லா? அம்புட்டு படிச்ச ஆளு!" என்றார் அரைமில்காரர்.

அவர் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார். "நம்பி வந்து கேட்டாவ. யாருக்கு மட்டமான நேரத்தைக் கொடுக்கது?" என்றார். "இருந்ததில நல்லதைத்தான் எல்லாருக்கும் சொன்னேன். தப்புதான். அதுக்கு என்னைப் பேசுங்க, நிக்கேன். பாட்டரியை மட்டும் இப்பம் தாங்க."

தெற்கே இடி உருண்டது. டி.வி.யில் கதாநாயகி இன்னும் அழுதுகொண்டிருந்தாள். சுகுமாரன் தன் விருந்தினர்களைப் பார்த்தான், டி.வி.யைப் பார்த்தான், வளைகுடாவில் கழித்த வருடங்களை நினைத்தவன் போல் பெருமூச்சு விட்டான். அவன் மனைவி லீலா வாசல்படியிலிருந்து எழுந்தாள்.

"அவ அடுத்த ஞாயித்துக்கெழமையும் அழுவா. அணைங்க" என்றாள். அவளே போய் ஒயரைப் பிடுங்கினாள்.

திரை ஒரு புள்ளியாகச் சுருங்கி மறைந்தது. நூறு பேரின் "ஐயோ" என் குறிப்பில் நாலு ஐம்பத்தெட்டு என்று பதிவாகியிருக்கிறது. சுகுமாரனும் இன்னொருவரும் பாட்டரியைத் தூக்கினார்கள். அவர் முன்னால் நடந்தார். பின்னால், வேறு வேலை இல்லாததால், சினிமா பார்க்க வந்த கூட்டம் முழுக்க நடந்தது. இவ்வளவு ஆட்களோடு அவர் தெருவில் நடந்ததே இல்லை. நாலைந்து தரம் திரும்பிப் பார்த்தார், போலீஸ் வருகிறதா என்று பார்க்கிறவர் மாதிரி.

அன்று அந்தியோடு ஒன்பது வீட்டில் எட்டு வீடு பாட்டரி கொடுத்தன. ஒன்பதாம் வீட்டில் வீட்டுக்காரரின் அப்பா நோயாகப் படுக்கையில் இருந்தார். அவருக்கு மின்விசிறி ஓட்டிய பாட்டரியை யாரும் கேட்கவில்லை. பாட்டரிகளின் மேல் அவரவர் பெயரைச் சாக்கட்டியால் எழுதி வரிசையாக வைத்தார் அண்ணன். ஏழெட்டு மணிநேரத்துக்கு ஒன்று. சில பாட்டரிகள் பெயருக்குத்தான் பாட்டரி. மூன்றே மணிநேரத்தில் மண்டையைப் போட்டன. அவற்றின் சொந்தக்காரர்கள் கடைக்காரனைத் திட்டியபடி வீட்டுக்குப் போனார்கள்.

திங்கட்கிழமை காலை முதல் ஓடு பிளந்தது. மதியத்துக்குள் பெட்டிக்குள் ஒரே சத்தம். ஆனால் குஞ்சுகள் எங்கள் வார்டுக்காரர்கள் இல்லையே, எல்லாம் ஒரே நேரத்தில் வரவில்லை. நூற்றுக்கு மேல் ஓட்டுக்குள்ளேயே கொத்திக்கொண்டிருந்தன. வந்தவையும் ஈரமாக நடுங்கின. செவ்வாய் மதியம் வரை சூடு வேண்டும். அவர் கணக்குப் போட்டார். கடைசி பாட்டரி செவ்வாய் விடிவதற்குள் தீரும். சரோஜம் பெட்டியின் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள்.

செவ்வாய் காலை ஐந்து மணிக்குப் பால் கறக்க எழுந்தவள் வாசல்படியில் கால் இடறினாள். சாக்கில் பொதிந்த ஒரு பாட்டரி. அண்ணனைக் கூப்பிட்டாள். அவர் மீட்டரை வைத்துப் பார்த்தார். நிறைந்திருந்தது. பெயர் இல்லை. யார் என்று யோசிக்க நேரமும் இல்லை. உள்ளே பல்பு மங்கத் தொடங்கியிருந்தது. மாட்டினார். அந்தப் பாட்டரி பகல் பதினொன்றே முக்கால் வரை பல்புகளை எரியவைத்தது. கடைசிக் குஞ்சு காய்ந்து நிமிர்ந்தது பதினொன்று பத்துக்கு.

செவ்வாய் வரும் என்று சொன்ன டிரான்ஸ்பார்மர் செவ்வாய்க்கிழமையே வந்தது. இதை வியப்புடன் பதிவு செய்கிறேன். புதன்கிழமை ஆபீசர் வந்தார். பெட்டியைத் திறந்து குஞ்சுகளை எண்ணினார். எண்ணிக்கொண்டிருக்கும்போதே அவை இடம் மாறியதால் மறுபடி எண்ணினார். முன்னூற்று எழுபத்தொன்று. "பெட்டி இவிடெத்தந்நெ இரிக்கட்டே" என்று சொல்லிவிட்டுப் போனார். பெட்டி அங்கேயே இருந்தது.

அடுத்த வாரம் தங்கப்பன் கடைச் சுவரில் அண்ணன் ஒரு தாள் ஒட்டினார். அவர் வீட்டையும் சேர்த்து நாற்பத்திரண்டு வீடும் அரைமில்லும் எந்தெந்த நேரத்தில் மோட்டார், சார்ஜர் போட வேண்டும் என்று. எல்லாம் வெவ்வேறு நேரம். பகல் இரண்டு மணி அரைமில்லுக்கு. யாருக்கும் வேண்டாத விடிகாலை மூன்றரை அவருடைய பெயருக்கு நேரே இருந்தது. தாளைக் கூட்டமாக நின்று படித்தார்கள். அதை ஒட்ட அவர் வந்த நேரம் காலை எட்டு, கடை நிறைந்திருந்த நேரம்.

எட்டுப் பாட்டரிகளும் சொந்தக்காரர்களிடம் திரும்பிப் போயின. ஒவ்வொன்றையும் நான் கண்ணால் பார்த்தேன். ஒன்பதாம் வீட்டின் பாட்டரி அந்த வீட்டை விட்டு வெளியே வரவே இல்லை. பெயரில்லாத அந்தப் பாட்டரியைக் கேட்டு இதுவரை யாரும் வரவில்லை. நான் விசாரித்தேன். பாறசாலையில் வேறு லைனில் உள்ள ஒரு பாட்டரி சார்ஜ் கடையில், திங்கட்கிழமை மாலை யாரோ சைக்கிள் கேரியரில் சார்ஜ் ஏற்றிய ஒரு பழைய லாரி பாட்டரியைக் கட்டிக்கொண்டு போனதாகக் கடைக்காரர் சொன்னார். முகம் நினைவில்லை என்றார். அந்த வாரம் தங்கப்பனின் வேட்டியில் ஏழு சிறு ஓட்டைகள் இருந்தன. பாட்டரி அமிலம் தெறித்தால் அப்படித்தான் ஓட்டை விழும். கேட்டபோது, "பீடித் தீயாக்கும். அதையும் எழுதி வைப்பீரோ?" என்றான். தங்கப்பன் பீடி குடித்து நான் பார்த்ததில்லை. ஆனால் பார்த்ததில்லை என்பது சான்று ஆகாது. அந்தப் பாட்டரி யாருடையது என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.